நிப்பாட்டிப் பாப்பம்

என் தொலைபேசியில் அவன் இன்றைக்கும் 'டப் தம்பி' என்றுதான் கிடக்கிறான். பெயர் தெரியாமலில்லை. இலக்கத்தைப் பதிந்த அன்று பெயரைக் கேட்க மறந்துபோனேன். பிறகு தெரிந்தபோது மாற்றத் தோன்றவில்லை. முகத்துக்கு நேரே 'நீர்' என்றுதான் கதைத்தேன். எழுத உட்கார்ந்தால் 'அவன்' என்று வருகிறது. குறைத்துச் சொல்வதற்காக அல்ல.

எங்களுடையது சண்டிலிப்பாய்ப் பக்கம், வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு சின்ன ஆரம்பப் பாடசாலை. நான் தரம் நான்குக்கு வகுப்பாசிரியர். லண்டனிலும் கனடாவிலும் இருக்கிற பழைய மாணவர்கள் சேர்ந்து, என் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்புக்கென்று இருபத்து நாலு கைக்கணினிகள் தந்திருந்தார்கள். கைக்கணினி என்பது திறப்பு விழா அழைப்பிதழில் மட்டும். மற்றபடி எல்லோருக்கும் அது டப். திட்டத்தை நடத்திய கொழும்பு அலுவலகம், அவற்றைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை நியமித்தது. செவ்வாய்க்கிழமைதோறும் அவன் சாவகச்சேரியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவான். இருபத்தெட்டு வயதிருக்கும். சட்டைப் பையில் பேனை இராது. கரண்ட் வருகிறதா என்று பார்க்கிற ரெஸ்ரர் ஒன்று செருகியிருக்கும்.

வந்த முதல் நாள் நேரே அதிபரின் அறைக்குள் போய், மேசைக்குக் கீழே குனிந்து யூபிஎஸ் பெட்டியைப் பார்த்தான்.

"அது வடிவா வேலை செய்யுது தம்பி. பச்சை லைற் எரியுது பாரும்" என்றார் அதிபர்.

"எரியுது சேர். நிப்பாட்டிப் பாப்பம்" என்றான்.

அதிபர் வாயைத் திறக்க முதல் மெயின் சுவிட்ச் கீழே போய்விட்டது. யூபிஎஸ் ஒரு தடவை கீச்சிட்டு அடங்கியது. கணினி அணைந்தது. வலயக் கல்வி அலுவலகத்துக்கென்று அதிபர் காலையிலிருந்து ஒற்றை விரலால் அடித்துக்கொண்டிருந்த கடிதமும் அதோடு போனது. அவன் திருப்தியாக எழும்பி, "பற்றரி செத்துக் கனகாலம் சேர்" என்றான். மின்சார மணியின் கடிகாரமும் சேர்ந்து நின்றுவிட்டதால் அன்றைக்கு இடைவேளை முக்கால் மணித்தியாலம் நீடித்தது. பிள்ளைகள் ஒருவரும் முறைப்பாடு செய்யவில்லை. ஆசிரியர்களும் செய்யவில்லை.

இதுதான் அவன். ஓடிக்கொண்டிருக்கிற எதையும் அவன் நம்பமாட்டான். ரவுட்டரை நிறுத்திப் பார்ப்பான், மின்விசிறியை நிறுத்திப் பார்ப்பான். வீட்டுக்குப் புறப்படும்போது மோட்டார் சைக்கிளை ஸ்ரார்ட் பண்ணி, உடனே நிப்பாட்டி, திரும்ப ஸ்ரார்ட் பண்ணிவிட்டுத்தான் போவான். வாசலில் நிற்கிற பிள்ளைகள் அதை எதிர்பார்த்து நிற்பார்கள். ஒருநாள் முதல் தடவையிலேயே போய்விட்டான் என்று ஒரு பெரிய செய்தியாக ஓடிவந்து எனக்குச் சொன்னார்கள். அடுத்த கிழமை கேட்டேன். சந்தியில் போய் நிப்பாட்டிப் பார்த்தானாம்.

"உமக்கு இது எப்ப பிடிச்ச வருத்தம்?" என்று ஒரு தடவை கேட்டேன். சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான்.

இதற்கு முதல் ஒரு கலியாண மண்டபத்தில் ஜெனரேற்றர் பார்க்கிற வேலையாம். இரண்டு வருஷம் ஜெனரேற்றரில் பச்சை விளக்கு எரிந்தபடி இருந்தது. இவனும் ஒவ்வொரு நாளும் பார்த்து, சரி என்று கொப்பியில் கையெழுத்துப் போட்டான். ஒரு முகூர்த்தத்தில் சரியாகத் தாலி கட்டும் நேரம் கரண்ட் போனது. ஜெனரேற்றர் அசையவில்லை. வீடியோக்காரன் கத்த, மாப்பிள்ளை தாலியோடு இருட்டில் இருக்க, மேளகாரர் மட்டும் நிறுத்தாமல் அடித்துத் தள்ளினார்களாம்.

"அவைக்குக் கரண்ட் தேவையில்லைத்தானே" என்றான். "அண்டைக்கு விளங்கினது சேர். ஓடேக்கை எல்லாம் ஓடுற மாதிரித்தான் இருக்கும். நிப்பாட்டினாத்தான் தெரியும்."

இந்த வித்தையை மனுஷரிலும் செய்வான் என்பது எனக்குக் கொஞ்சம் பிந்தித்தான் தெரிந்தது. எங்கள் அதிபர் தொடங்கினால் இலேசில் முடிக்கமாட்டார். நாங்கள் எல்லோரும் "ஓம் சேர், ஓம் சேர்" என்று தலையாட்டிக்கொண்டே இருப்போம். ஒரு செவ்வாய்க்கிழமை அவன் திடீரென்று ஓம் சொல்வதை விட்டுவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதிபர் இரண்டு வசனம் சொன்னார், மூன்றாவதைத் தொடங்கினார், பிறகு "சரி, போய் வேலையைப் பாரும்" என்றார். பதினைந்து வருஷமாக அந்தப் பேச்சை ஓட்டிக்கொண்டிருந்தது எங்களுடைய ஓம்தான் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

எல்லாம் சிரிப்பதற்கு உரியதுமல்ல. அவனுக்கு வீட்டில் கலியாணப் பேச்சுக்கால் நடந்தது. இணுவில் பெண். எனக்கும் இணுவில்தான்; தெரிந்த குடும்பம். மூன்று மாதம் இரண்டு பேரும் ஒவ்வொரு நாளும் தொலைபேசியில் கதைத்திருக்கிறார்கள். பிறகு இவன் ஒரு கிழமை எடுக்காமல் இருந்து பார்த்திருக்கிறான். அந்தப் பக்கமிருந்து அழைப்பு வரவில்லை. அதோடு அது நின்றுபோனது.

"அந்தப் பிள்ளை உமக்கு என்னவோ ஏதோ எண்டு பயந்துபோய் இருந்திருக்கலாம். மானத்துக்கு அஞ்சி எடுக்காமல் விட்டிருக்கலாம்" என்றேன்.

"இருக்கலாம் சேர். ஆனா நிண்டு போச்சே" என்றான். "நல்லதுதான். முதலே தெரிஞ்சிட்டுது."

நல்லது என்று சொன்ன முகமாக அது எனக்குப் படவில்லை. ரெஸ்ரரை எடுத்து, கரண்ட் இருக்கிறதென்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்த ஒரு பிளக்கில் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இனி அந்த டப் விஷயத்துக்கு வருகிறேன். அதற்குள் ஒரு வாசிப்புச் செயலி இருந்தது. நாற்பத்திரண்டு கதைகள். ஒவ்வொரு பக்கத்திலும் படம், கீழே சில வரிகள், மூலையில் ஒரு காதின் படம். காதைத் தொட்டால் ஒரு பெண்குரல் அந்தக் கதையை வாசித்துக் காட்டும். அதைக் கேட்டுவிட்டுப் பிள்ளை தானாக வாசிக்க வேண்டும். டப் கேட்டுக்கொண்டிருக்கும். சொற்கள் சரியாக வந்தால் கதையின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் பச்சையாகும், பிழைத்தால் சிவப்பாகும். பச்சை எத்தனை என்பது கொழும்பில் ஒரு திரையில் தெரியும். என் வகுப்பு அந்தத் திரையில் ஒரே பச்சையாகக் கிடந்தது. நான் அதை நாலு பேருக்குச் சொல்லித் திரிந்தேன் என்பதையும் மறைக்கத் தேவையில்லை.

அதிலும் யதுசிகா என்ற பிள்ளைக்கு நாற்பத்திரண்டும் பச்சை. ஒன்பது வயது. காலைப் பிரார்த்தனையில் புத்தகத்தைக் கையில் பிடித்து முன்னுக்கு நின்று தேவாரம் சொல்லுவாள்; முழுப் பாடசாலையும் பின்னால் சொல்லும். கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதினால் எழுத்து முத்து முத்தாக இருக்கும். செயலியின் கதைகளை வாசிக்கும்போது அந்தப் பெண்குரல் எங்கே ஏறுமோ அங்கே ஏறும், எங்கே இறங்குமோ அங்கே இறங்கும். எங்கள் ஊர்ப் பேச்சே அதில் இராது. 'உச்சரிப்பு மிக நன்று' என்று நான் அறிக்கையில் எழுதினேன். தவணைப் பரீட்சையில் புள்ளி குறைந்தபோது 'கவனக்குறைவு' என்று எழுதினேன். இரண்டு அறிக்கையிலும் கையெழுத்து என்னுடையது.

திட்டத்தின் முதற்கட்டம் முடிகிற நேரம், டப் தந்தவர்களுக்குப் பிள்ளைகளைக் காட்ட ஒரு சூம் கூட்டம் வைப்பது என்று முடிவானது. அது திருப்தியாக அமைந்தால் அடுத்த கட்டமாக ஒரு கணினி அறை. அதிபர் அந்த அறைக்கு இடம்கூடப் பார்த்துவிட்டார். கூட்டத்தில் வாசிக்கிற பிள்ளை யார் என்று யோசிக்கவே தேவையிருக்கவில்லை.

கூட்டத்துக்கு மூன்றரைக் கிழமைக்கு முந்திய செவ்வாய்க்கிழமை, யதுசிகாவின் டப்பில் ஒலிவாங்கி சரியா என்று பார்க்க அவன் அவளை வாசிக்கச் சொன்னான். 'சந்தைக்குப் போன ஆமை' என்ற பதினேழாவது கதை. நான் பக்கத்தில் கதிரையில் இருந்து வரவுப் பதிவேடு போட்டுக்கொண்டிருந்தேன். ஆமை பாதி வழி வந்ததும் அவன் பழக்கதோஷத்தில் டப்பை அணைத்துவிட்டான். வாசித்த பாதி சேமிக்கப்படுகிறதா என்று பார்க்கத்தான். வேறு ஒன்றும் மனதில் இருந்திருக்காது.

திரை கறுப்பாகியது. யதுசிகா வாசித்துக்கொண்டே இருந்தாள். ஆமை சந்தைக்குப் போனது, பூசணிக்காய் கேட்டது. பக்கம் முடிகிற இடத்தில் அவளுடைய விரல் கறுப்புத் திரையை இடது பக்கம் தள்ளியது. அடுத்த பக்கத்தையும் சொன்னாள். ஆமை வீட்டுக்குத் திரும்பி வரும்வரை நாங்கள் இரண்டு பேரும் அசையவில்லை.

அவன் தன் வேலைக் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, என்னிடம் பேனை வாங்கி, 'உன் சைக்கிள் எங்கே நிற்கிறது?' என்று எழுதி அவளிடம் கொடுத்தான். அவள் தாளைப் பார்த்தாள். மூலையைப் பார்த்தாள். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள்.

"இதுக்குக் காது இல்லையே, அண்ணை?" என்று கேட்டாள்.

கொரோனாவில் பாடசாலைகள் பூட்டிக் கிடந்த காலத்தில் அவள் முதலாம் ஆண்டு. பாடம் தாயின் தொலைபேசியில் குரலாக வந்தது. ரீச்சர் சொல்லி அனுப்புவார், பிள்ளை கேட்டுத் திருப்பிச் சொல்லி அனுப்பும். தேவாரம் அவளுக்குக் கோயில் ஒலிபெருக்கியிலிருந்து வந்தது. கையிலிருந்த புத்தகம் பிடிப்பதற்கு மட்டும். தனி எழுத்தைக் காட்டினால் முக்கால்வாசி சொல்லுவாள். நாலு எழுத்தைச் சேர்த்துச் சொல்லாக்க வராது. எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளை கேட்டதை அப்படியே ஒப்பித்தால், கெட்டிக்காரி என்று தலையைத் தடவிவிட்டுப் போவோம். நாலு வருஷமாக எல்லோரும் தடவிவிட்டுப் போயிருக்கிறோம். கடைசியாகத் தடவியது நான்.

அவளை அனுப்பிவிட்டு சைக்கிள் கொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கதைத்தோம்.

"சூம் முடியட்டும் தம்பி. பிறகு பாப்பம்" என்றேன்.

"பிறகு அவள் அஞ்சாம் ஆண்டு சேர். புலமைப்பரிசில் சோதினை எண்டு எல்லாரும் ஓடுவினம். அப்ப ஆர் நிண்டு பாக்கப் போகினம்?"

"மூண்டு கிழமையிலை என்ன செய்யலாம் எண்டு சொல்லும்."

"எனக்குத் தெரியாது. நான் சேர் இல்லைத்தானே. எனக்குத் தெரிஞ்சது நிப்பாட்டுறது மட்டும்." பிறகு சொன்னான். "அவளின்ரை டப்பிலை காதை நிப்பாட்டலாம். நீங்களே தாளிலை எழுதிற மாதிரி புதுப் பக்கம் அடிச்சுப் போடவும் வழி இருக்கு. காட்டித் தாறன். ஆனா அந்தப் புதுப் பக்கமெல்லாம் அவளுக்குச் சிவப்பாத்தான் வரும். கொழும்பிலையும் தெரியும். நீங்கள் ஓம் எண்டாச் செய்யிறன்."

நான் ஓம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. என்னிடமிருந்து பதில் வராது என்று தெரிந்ததும் அவன் நேரே போய், மாமரத்தடியில் தண்ணீர்ப் போத்தலோடு நின்ற யதுசிகாவிடம் கேட்டான். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் கேட்கிற விஷயமா இது என்று எனக்குக் கோபம் வந்தது. நான் சொல்லவேண்டியதை அவள் சொல்லிவிடுவாளோ என்ற பயமும் அந்தக் கோபத்துக்குள் இருந்தது.

அவள் கொஞ்ச நேரம் போத்தல் மூடியைத் திருகிக்கொண்டு நின்றாள். "அம்மாட்டைச் சொல்லுவியளோ?" என்றாள்.

"சொல்லமாட்டன்."

"அப்ப நிப்பாட்டுங்கோ."

அடுத்த மூன்று கிழமையும் இடைவேளைகளில் நான் அவளோடு இருந்தேன். ஒவ்வொரு நாளும் காலையில் ஒரு புதுப் பக்கம் அடித்துப் போடுவேன். இரண்டு வரி, மூன்று வரி. குரல் கிடையாது, ஒருவரும் வாசித்துக் காட்டவும் மாட்டோம். முதல் கிழமை அவள் அழுதாள். இரண்டாம் கிழமை என்னோடு கோபித்துக்கொண்டு கதைக்காமல் இருந்தாள். மூன்றாம் கிழமை ஒரு வரியை முடிக்க ஒரு நிமிடம் எடுத்தாள். ஆனாலும் முடித்தாள்.

இவ்வளவும் செய்துகொண்டு, கூட்டத்துக்கு அவள் ஆமைக் கதையை ஒப்பித்தால் போதும் என்றும் நானே சொல்லிவைத்தேன். அது அவளுக்குத் தலைகீழாகத் தெரியும், இடறாது. ஒருபக்கம் வாசிக்கவும் மறுபக்கம் ஏமாற்றவும் ஒரே பிள்ளைக்கு ஒரே இடைவேளையில் பழக்கினேன். அவனிடம் இதைச் சொன்னபோது, "நீங்கள்தானே வகுப்பாசிரியர்" என்றான்.

கூட்டம் ஒரு சனிக்கிழமை பின்னேரம். அதிபர் பட்டு வேட்டி கட்டி வந்தார். குத்துவிளக்கு ஏற்றினோம். சுவரில் தொங்கவிட்ட வெள்ளைத் துணியில் லண்டனும் கனடாவுமாக முப்பது முகங்கள். மூலையில் ரவுட்டருக்குப் பக்கத்தில் அவன் நின்றான். காலையிலேயே வந்து ஐந்து தரம் லைனை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருந்தான்.

யதுசிகா டப்பைப் பிடித்துக்கொண்டு முன்னுக்கு வந்தாள். "சந்தைக்குப் போன ஆமை" என்று தொடங்கினாள். அதே ஏற்றம், அதே இறக்கம். துணியில் முகங்கள் மலர்ந்தன. இரண்டு வரி போயிருக்கும். அவள் நிறுத்தினாள்.

மறந்துபோனாள் என்று நினைத்து நான் அடுத்த சொல்லை வாயசைத்துக் காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. டப்பில் எதையோ தேடித் தொட்டாள். ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் நின்ற எனக்குத் திரை தெரிந்தது. காலையில் பழக்கத்துக்கு நான் அடித்துப் போட்டிருந்த புதுப் பக்கம். கூட்டக் களேபரத்தில் அவளுக்குக் காட்டவுமில்லை, சொல்லவுமில்லை. அவள் முதல் சொல்லுக்குக் கீழே விரலை வைத்தாள்.

"இன்று," என்றாள். எவ்வளவோ நேரம் போனது. "மழை." இன்னும் நேரம் போனது. "இல்லை."

அதிபர் என்னைப் பார்த்தார். நான் குத்துவிளக்கைப் பார்த்தேன்.

"அம்மா... தோ... தோட்டத்தில்... நிற்கிறா."

துணியில் ஒரு முகம் அசைந்தது. லண்டனில் இருந்த பெரியவர், சங்கத்தின் தலைவர். "ஹலோ, பிள்ளையின்ரை சத்தம் விட்டு விட்டு வருது. லைன் பிரச்சினை போல" என்றார். "இஞ்சையும் அப்பிடித்தான்" என்றது கனடாவிலிருந்து ஒரு குரல். "முதல் நல்லா வந்தது. இப்ப பிய்ஞ்சு பிய்ஞ்சு வருது."

அதிபருக்குப் போன உயிர் திரும்பியது. "ஓமோம், இஞ்சை லைன் கொஞ்சம் வீக் ஐயா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ. தம்பி, உதை ஒருக்காப் பாரும்!"

எல்லோரும் மூலையைப் பார்த்தோம். அவன் தலையாட்டியிருந்தால் போதும். ரவுட்டரை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, சரியாகிவிட்டது என்றிருந்தால் அதிபரும் தப்பியிருப்பார், நானும் தப்பியிருப்பேன், யதுசிகா திரும்பவும் ஆமைக்குப் போயிருப்பாள். தலையாட்டு தம்பி என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். பொய்யில்லை, கெஞ்சினேன்.

அவன் ஒலிவாங்கிக்குக் கிட்ட வந்தான்.

"லைன் நல்லாயிருக்கு ஐயா" என்றான். "பிள்ளை வாசிக்குது. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கோ."

துணியில் முப்பது முகங்களும் அப்படியே நின்றன. லைன் உண்மையிலேயே போய்விட்டதோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. யதுசிகா நிமிரவில்லை. விரல் அடுத்த வரிக்கு இறங்கியது.

"மாடு... படலையை... தள் - ளு... தள்ளுகிறது." மூச்சு எடுத்தாள். "யார்... படலையைப்... பூட்டவில்லை?"

முடித்துவிட்டு, அந்தக் கடைசி வரியைத் திரும்ப ஒருதரம் வாய்க்குள் பார்த்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கிழமை வாசல் படலையைத் திறந்துவிட்டு வந்து மாடு தோட்டத்துக்குள் இறங்கி, தாயிடம் ஏச்சு வாங்கியதை அவள்தான் எனக்குச் சொல்லியிருந்தாள். அதைத்தான் நான் பக்கமாக அடித்திருந்தேன். அவள் சிரித்த காரணம் அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும் விளங்கியது. என் கண் கலங்கியதும் எனக்கு மட்டும்தான் தெரியும்.

லண்டன்காரர் இரண்டு கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். கூட்டம் சொன்ன நேரத்துக்கு முதலே முடிந்தது.

கணினி அறை வரவில்லை. அதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அடுத்த மாதம் செவ்வாய்க்கிழமைக்கு அவனுக்குப் பதிலாக வேறொருவர் வந்தார். நல்ல மனுஷர். எதையும் அணைத்துப் பார்க்காமல், பச்சை விளக்குகளை எண்ணிக் கையெழுத்து வைத்துவிட்டுப் போவார். கூட்டத்தில் தொடர்பு சீராக இருக்கவில்லை என்றும், பொறுப்பாக இருந்தவர் அதை ஒத்துக்கொள்ளவில்லை என்றும் அறிக்கை போயிருந்ததாகக் கேள்விப்பட்டேன். லைன் சரியாகத்தான் இருந்தது என்று நான் ஒரு வரி எழுதி அனுப்பியிருக்கலாம். எழுதவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கம்தான்.

எழுதாத அந்த வரி உறுத்திக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு திங்கட்கிழமை, அவன் காட்டித்தந்த வழியில், வகுப்பிலிருந்த இருபத்து நாலு டப்பிலும் காதை நிறுத்தினேன். மனப்பாடமாகிப்போன பழைய கதைகளை நட்சத்திரங்களோடு எடுத்துவிட்டு, நான் அடித்த புதுக் கதைகளில் முதலாவதிலிருந்து எல்லோரையும் தொடங்க வைத்தேன். கிழமை முடிவில் பார்த்தால் பாதி வகுப்பு சிவப்பு. யதுசிகா ஒருத்தி என்றுதான் நினைத்திருந்தேன். அவளைப்போல் இன்னும் பதினொரு பேர் என் முன்னாலேயே இருந்து நல்ல உச்சரிப்போடு ஒப்பித்திருக்கிறார்கள்.

கொழும்பிலிருந்து ஒரு பெண்பிள்ளை தொலைபேசி எடுத்தாள். "சேர், உங்கட ஸ்கூல் ஒரே சிவப்பா வருது. சிஸ்டத்திலை ஏதோ பிழை போல. ரீசெட் பண்ணி விடட்டா?"

அதிபர் எதிரில் இருந்தார். தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிஸ்டம் நல்லாயிருக்குப் பிள்ளை" என்றேன். "பிள்ளையள் வாசிக்கினம். அப்பிடியே விடுங்கோ."

பயந்துகொண்டுதான் தொலைபேசியை வைத்தேன். அதிபர் நீண்ட பேச்சு ஒன்றைத் தொடங்கினார். நான் ஓம் சொல்லாமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது வசனத்தில் அவர் நிறுத்தினார்.

வெளியே வந்து 'டப் தம்பி'க்கு எடுத்தேன். சாவகச்சேரியில் குளிர்சாதனப் பெட்டி திருத்துகிற கடை ஒன்றில் நிற்பதாகச் சொன்னான். பின்னால் ஏதோ ஒரு மோட்டார் இரைந்துகொண்டிருந்தது.

"எல்லாத்தையும் நிப்பாட்டிப் பாத்தன்" என்றேன்.

"எத்தினை நிண்டது?"

"பன்னிரண்டு."

"அப்ப பன்னிரண்டு ஓடுது" என்றான். சந்தோஷமா, கணக்கா என்று குரலில் தெரியவில்லை. மோட்டாரை யாரோ நிறுத்தினார்கள். அவனே நிறுத்தியிருப்பான். "அவள் என்ன செய்யிறாள்?"

"நாப்பத்திரண்டு பச்சை இருந்த இடத்திலை இப்ப ஒண்டு. புதுசிலை முதலாவது கதை. நேற்றுத்தான் வந்தது. காதும் இல்லை, ஒண்டும் இல்லை. அவளே வாசிச்சது."



"அது இனி நிக்காது சேர்" என்றான்.

நிறுத்திப் பார்க்காமல் அவன் ஒன்றை நம்பி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.